சனோபர் கேட்ட கறுப்பு முடி

உல்போசின் தலையைத் துவட்டிய வெள்ளைத் துண்டு தேநீர் வடிகட்டிய துணி மாதிரி ஆகியிருந்தது. குளியலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அந்தத் துண்டை மட்டும் வெளியே நீட்டிக் காட்டினாள்.

"அண்ணி, உள்ள வாங்க. அம்மாவைக் கூப்பிடாதீங்க."

மறுநாள் சாயங்காலம் அவளுக்குக் கல்யாணம். முற்றத்தில் ஆண்கள் அடுப்புக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குச் சுடுவதற்காக நான் ரொட்டி மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தேன். கையில் மாவோடு உள்ளே போனேன். இடுப்பு வரை விழுந்த ஈரமுடியில், கறுப்புக்கு நடுவே பட்டை பட்டையாக மஞ்சள். சோளக்கதிரை உரித்தால் உள்ளே தெரியுமே அந்த நார், அதே நிறம்.

"இது என்னடி?"

"நிச்சயத்துக்கு அப்புறம் தாஷ்கண்ட்ல போட்டது அண்ணி. ஹைலைட். கிளம்பற அன்னிக்குக் கடைச் சாயம் வாங்கிக் கறுப்பாக்கிட்டுத்தான் வந்தேன். ரெண்டு தடவை தலை குளிச்சேன், எல்லாம் தண்ணியோட போயிடுச்சு."

"யார் உன்னைப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கே ஆசை. இருபத்தாறு வருஷம் கறுப்பா இருந்துச்சே, ரெண்டு மாசம் மஞ்சளா இருந்தா என்னன்னு தோணுச்சு."

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை, கையில் மாவு.

உல்போசின் என் கணவருடைய சித்தப்பா மகள். அவர்கள் வீட்டில் மூன்றாவது பெண். அடுத்ததாவது ஆணாகட்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது. அடுத்தது ஆணாகத்தான் பிறந்தது. அதற்காக ஊரே அவள் அம்மாவை வாழ்த்தியது, பெயரைச் சுமந்தவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் முடித்த வருஷமே தாஷ்கண்டுக்குப் போய் ஒரு பார்லரில் சேர்ந்தாள். அங்கே அவள் வேலை வருகிறவர்களின் தலையைக் கழுவிவிடுவது. வெட்டவோ சாயம் கலக்கவோ விடமாட்டார்கள். ஊரார் தலையைக் கழுவிக் கழுவி அவள் கைகள் வெளுத்துப்போயிருந்தன. இந்த வீட்டின் தகரக் கூரை, துணி துவைக்கும் இயந்திரம், தம்பியின் படிப்பு எல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தவை. அப்படியும் இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது, பட்டணத்தில் தனியாக இருந்த பெண் என்று சொல்லி.

பிறகு எஷ்முராத் வந்தான். வெல்டிங் வேலை பார்ப்பவன். போன வருஷம் எங்கள் வாசல் கதவைப் பற்றவைக்க வந்தவனுக்கு, விடுமுறையில் வந்திருந்த இவள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். முகத்து இரும்புக் கவசத்தைத் தூக்கிவிட்டு இவளைப் பார்த்தவன், ஆறாத தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் தொலைபேசியிலேயே குடும்பம் நடத்தினார்கள். இவள் எப்போதும் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வீடியோவில் வருவாள். அவனுக்காக ஒரு பெண் இவ்வளவு ஏங்குவாள் என்று அவனைப் பார்த்தால் சொல்ல முடியாது. ஆனால் இவள் ஏங்கினாள்.

பிரச்சினை அவனுடைய அத்தை சனோபர். தாயில்லாத அண்ணன் தம்பி இருவரையும் வளர்த்தவள். மூத்தவன் கட்டிக்கொண்டு வந்தவள் தலை முழுக்க மஞ்சள். வந்த வேகத்தில் புருஷனைக் கூட்டிக்கொண்டு ரஷ்யாவுக்குப் போனாள், இன்றுவரை இரண்டு பேரும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அதனால் நிச்சயத்தன்று சனோபர் உல்போசினின் பின்னலைக் கையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், கயிறு வாங்குகிறவள் மாதிரி.

"இதே முடியோட வா, பொண்ணே. ஒரு மஞ்சள் தலை என் வீட்டுல ஒரு பையனைக் கொண்டு போயிடுச்சு. இன்னொண்ணு வந்தா, மணத்திரைக்குள்ளேயே எழுந்து சொல்லிடுவேன், கல்யாணம் இல்லேன்னு. நான் சொன்னா சொன்னதுதான்."

சொன்னால் செய்கிறவள்தான். எங்கள் பக்கத்தில் முடியை ஒளிக்கவும் வழியில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து, திரைகட்டிய மூலையில் அவளோடு உட்காருவான். பெண்ணின் அண்ணி முக்காட்டை விலக்க, அவன் அவள் முடியைத் தடவ வேண்டும். பெரியவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்த அண்ணி நான்தான்.

"எஷ்முராத்துக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். "சொல்ல பயமா இருந்துச்சு அண்ணி. அண்ணன் போனதுல அவர் ரொம்ப அழுதவர். என்னையும் அப்படி நினைச்சுட்டா?"

கதவுக்கு வெளியே ஹம்ரோ சித்தி, உல்போசினின் அம்மா, எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. உள்ளே வந்து மகள் தலையைப் பார்த்தாள், தொடையில் அடித்துக்கொண்டாள், திரும்பிச் சந்தைக்கு ஓடினாள். வரும்போது காகிதப் பொட்டலம் நிறைய அவுரி இலைப் பொடி.

"மருதாணி வாங்கலையா சித்தி? ரெண்டும் சேர்த்துத்தானே விப்பாங்க."

"மருதாணி நரைச்ச கிழவிகளுக்கு. சிவப்பா ஆயிடும். என் பொண்ணுக்குக் கறுப்பு வேணும், கறுப்புதான் வாங்கினேன்."

வெந்நீரில் குழைத்து, மஞ்சள் பட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பூசினோம். உல்போசின் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ரிம்மா அக்கா இப்படிச் செய்ய மாட்டாங்க. முதல்ல வேற ஏதோ போடுவாங்க" என்று ஒரு தடவை முனகினாள். பார்லர்காரியின் பெயரைக் கேட்டதும் சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தக் கோலம் பண்ணினவதானே அவ? அவ பேரை இங்க எடுக்காதே."

பொழுது சாயக் கழுவினோம். மஞ்சள் போய்விட்டது. அது இருந்த இடமெல்லாம் பச்சை.

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். ஹம்ரோ சித்தியோ கலங்கவே இல்லை. வசந்தகாலத்தில் எங்கள் பெண்கள் ஊஸ்மா இலையைக் கசக்கிச் சாறெடுத்துப் புருவத்தில் தீட்டுவோம். தீட்டும்போது பச்சையாக இருக்கும், தூங்கி எழுந்தால் கறுத்திருக்கும். பிறந்த நாளிலிருந்து பார்ப்பது. சித்தி அதைத்தான் சொன்னாள்.

"ஊஸ்மா பச்சையா இருந்துதானே கறுக்குது? இதுவும் இலைதான். விடியட்டும், கறுத்துடும். போய் வேலையைப் பாருங்க."

எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நம்புவதற்கு ஆசையாக இருந்தது, ரொட்டி வேறு காத்திருந்தது. உல்போசின் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். தூங்கியிருக்க மாட்டாள்.

காலையில் துணியை அவிழ்த்தோம். பச்சை கொஞ்சம் அடர்ந்திருந்தது, அவ்வளவுதான். முளைவிட்ட கோதுமை வயல் மாதிரி தலை.

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து, "நான் கெடுத்துட்டேன், என் கையாலேயே கெடுத்துட்டேன்" என்று தன் கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். முற்றத்தில் பெரிய கொப்பரை ஏற்றியாகிவிட்டது, கேரட் நறுக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மணப்பெண்ணைப் பார்க்க எந்த நேரமும் வருவார்கள். உல்போசின் எழுந்துபோய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"வெட்டிடுங்க அண்ணி. பச்சையா இருக்கறதை மட்டும்."

"வெட்டினா மிச்சம் என்னடி இருக்கும்? ஆடு மேஞ்ச மாதிரி இருக்கும். குடு இப்படி."

கத்தரிக்கோலைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடறேன். திரைக்குள்ள தெரியறதுக்கு இப்பவே தெரியட்டும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும்."

நான் தடுக்கவில்லை. மணி அடித்தது. எடுத்தது சனோபர்.

"பையன் குளிக்கிறான். என்ன விஷயம், என்கிட்ட சொல்லு."

உல்போசினின் உதட்டில் இரத்தமே இல்லை. "ஒண்ணுமில்ல அத்தை. எப்போ கிளம்புவீங்கன்னு கேக்கலாம்னு."

"அவ்வளவு அவசரமா? எங்க காலத்துல பொண்ணுங்க கட்டிலுக்கு அடியில ஒளிவாங்க, இப்ப போன் போட்டுக் கூப்பிடறாங்க. வர்றோம், வர்றோம். முடியை நல்லா வாரி வை."

போனை வைத்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "போடு அந்த ரிம்மாவுக்கு. உங்கம்மா திட்டினா நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

ரிம்மா பச்சை என்ற சொல்லைக் கேட்டதும் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "சிவப்பு போடாம கறுப்பு போட யார் சொன்னது? ப்ளீச் பண்ணின முடி வெறும் கூடு பொண்ணே. உள்ள சிவப்பு இல்லேன்னா கறுப்பு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? மருதாணி கிடைக்குமா அங்க? முதல்ல அது. பச்சைமேலேயே போடு, பச்சையை அடிச்சுடும். கழுவிட்டு மேல அவுரி. அப்புறம் கேளு. ரெண்டு நாளைக்குத் தலையில தண்ணி படக்கூடாது, வேர்வையும் படக்கூடாது."

"ரெண்டு நாள் எங்க இருக்கு அக்கா? சாயங்காலம் கல்யாணம்."

"அப்போ யாரையும் தலையைத் தொட விடாதே. கையோட வந்துடும்."

நானும் உல்போசினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொடுவதற்காகத்தான் அவன் வருகிறான் என்று ரிம்மாவிடம் யார் சொல்வது?

மருதாணிக்கு நான்காவது வீட்டு மோமோகுல் அக்காவிடம் ஓடினேன். ஊரில் ஆரஞ்சுத் தலையோடு திரிகிறவள் அவள்தான்.

"யாருக்கு?"

"எனக்குத்தான் அக்கா."

என் தலையை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்குள்ள நரைச்சுடுச்சா? அதான் உன் புருஷன் சந்தையே கதின்னு கிடக்கிறானா?"

வேறு நாளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவைப் பறித்துக்கொண்டு வந்தேன்.

தீவனம் வைக்கும் அறையில் வைத்து மருதாணியை அப்பினோம், பிளாஸ்டிக் பையால் தலையை மூடி மேலே கம்பளித்துணி சுற்றினோம். சூடு பட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று ரொட்டி அடுப்பின் பின்சுவரில் அவளைச் சாய்த்து உட்கார வைத்தேன். ஆனி மாத வெயில், அடுப்புச் சூடு, தலையில் கம்பளி. முகம் சிவந்து கண்ணீரும் வேர்வையும் கலந்து ஓடியது, ஆனாலும் அசையவில்லை. வெளியே ஹம்ரோ சித்தி வாசலில் நின்று, மணப்பெண்ணைப் பார்க்க வந்தவர்களிடம் ஆளுக்கொரு பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தியிடம் குளிக்கிறாள் என்றாள், இன்னொருத்தியிடம் தொழுகிறாள் என்றாள், மூன்றாமவளிடம் வெட்கப்படுகிறாள் என்றாள்.

"தாஷ்கண்ட்ல இருந்தவளுக்கு இவ்வளவு வெட்கமா?" என்று மூன்றாமவள் சொன்னது உள்ளே எங்களுக்குக் கேட்டது. உல்போசின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இதுவும் சரியா வரலேன்னா?"

"வரும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா நான் அந்த சனோபர் கண்ணுல மிளகாய்ப்பொடியைப் போடறேன். பேசாம உட்காரு."

வாய்தான் அப்படிப் பேசியது. அவள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து நான் பார்க்கிறேன். எதையும் கேட்டு வாங்கியதில்லை. அவள் தானாக ஆசைப்பட்டது இரண்டே விஷயம், ஒன்று இந்த மஞ்சள், மற்றது இந்த எஷ்முராத். ஒன்று மற்றதைத் தின்றுவிடும்போல இருந்தது.

கழுவியபோது பச்சை இருந்த இடமெல்லாம் செம்பட்டையாகியிருந்தது. சித்தி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் காத்திருக்கவில்லை, மிச்சமிருந்த அவுரியைக் குழைத்து மேலே அப்பினேன். அதையும் கழுவி, துண்டை எடுத்தோம். கறுப்பு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் காப்பிக்கொட்டை நிறம், மற்றபடி கறுப்பு. நிச்சயத்தன்று சனோபர் தூக்கிப் பார்த்த அதே முடி. சித்தி மகளின் ஈரத் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். விலகியபோது அவள் மேல்சட்டையில் கைப்பிடி அகலத்துக்குக் கரும்பச்சைக் கறை.

"தொடாதீங்கன்னு ரிம்மா சொன்னாளே" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

அதற்குள் தெருவில் கொம்பும் முரசும் கேட்டன. சீக்கிரமே வந்துவிட்டார்கள். முடி பாதிகூடக் காயவில்லை. சீப்பை விட்டால் பல்லெல்லாம் கறுத்தது. வெள்ளைக் கல்யாண உடையின் கழுத்துக்குள் பழைய துணியை மடித்து வைத்தேன். முக்காட்டுக்குள்ளும் ஒன்று வைத்தேன். மாப்பிள்ளை தடவுகிற நேரத்தில் அதை எப்படி உருவுவது என்று யோசிக்கவே நேரமில்லை.

திரைகட்டிய மூலையில் காற்றே இல்லை. விளக்கு தலைக்கு நேர்மேலே. சடங்கு விளையாட்டுக்காக வாசலில் செத்துக் கிடப்பதுபோல் படுத்துக்கொண்ட கிழவியைத் தாண்ட எஷ்முராத் அன்பளிப்புக் கொடுத்தான், நாய் மாதிரி உறுமியவளுக்கும் கொடுத்தான், பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உல்போசினின் காதுக்கு முன்னால் வேர்வை ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கோடு கறுப்பு. யாரும் பார்ப்பதற்குள் என் விரலால் துடைத்தேன். சனோபர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, எங்களுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். ஊரில் இடமே இல்லாததுபோல அங்கேதான் உட்கார்ந்தாள்.

"முக்காட்டை எடு, ஹோசியத். பையன் தடவட்டும்."

நான் முக்காட்டைத் தூக்கியபடியே உள்துணியை என் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். முடி விளக்கில் கருகருவென்று மின்னியது. ஈரத்தில் மின்னியது என்று எனக்குத்தானே தெரியும். சனோபர் கழுத்தை நீட்டிப் பார்த்தாள், முகம் தளர்ந்தது.

எஷ்முராத் கையை நீட்டி மேலோட்டமாகத் தொட்டான்.

"ஈ ஓட்டறியா? நல்லா தடவுடா. உன் பொண்டாட்டி முடிதான்" என்றாள் சனோபர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் உள்ளங்கையை உச்சியில் வைத்து நுனி வரைக்கும் நிதானமாகத் தடவினான். உல்போசின் குனிந்த தலை நிமிரவில்லை, தோள் மட்டும் இறுகியது. கையை எடுத்தவன் எதேச்சையாக உள்ளங்கையைப் பார்த்தான். அடுப்புக்கரியைப் பிடித்த கை மாதிரி, ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

அவன் அந்தக் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். காதோரத்தில் மறுபடியும் இறங்கத் தொடங்கிய கோட்டைப் பார்த்தான். இரும்பில் எங்கே பூச்சு, எங்கே உள்சரக்கு என்று தினமும் பார்க்கிறவன், அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மெதுவாக விரல்களை மூடி, நீளச் சட்டையின் கைக்குள் இழுத்துக்கொண்டான்.

"கையை ஏன்டா ஒளிக்கிற?" என்றாள் சனோபர்.

"குளிருது அத்தை."

வெடித்துச் சிரித்தார்கள். "பொண்ணைத் தொட்டதும் ஆனி மாசத்துல குளிருதாம்" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கண்ணீர் வரச் சிரித்தாள். சனோபர் சிரிக்கவில்லை. அவள் பார்வை அந்தச் சட்டைக் கையிலேயே இருந்தது. நான் அவசரமாகக் கண்ணாடியை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தேன். அடுத்த சடங்கு அதுதான். இருவரும் ஒரே கண்ணாடியில் பார்ப்பார்கள், என்ன தெரிகிறது என்று மாப்பிள்ளையைக் கேட்பார்கள், நிலா என்றோ சூரியன் என்றோ ஏதாவது சொல்வான். எப்போதும் அண்ணிதான் கேட்பாள். என்னை முந்திக்கொண்டு சனோபர் கேட்டாள்.

"என்னடா தெரியுது? பார்த்து, உண்மையைச் சொல்லு."

சிரிப்பு நின்றது. கண்ணாடியில் உல்போசின் முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று கெஞ்சுகிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று எனக்கே புரியவில்லை. அவன் சட்டைக் கைக்குள் இருந்த கையை அப்படியே கொண்டுவந்து, துணிக்குள்ளிருந்தே அவள் காதோரத்தைத் துடைத்தான், வேர்வையைத் துடைப்பதுபோல. பிறகு அத்தையின் பக்கம் திரும்பினான்.

"கறுப்பு முடி அத்தை" என்றான். "நீங்க கேட்ட அதே முடி."